பேக்கரி விஷயம்

கயல் கண்ணுக்கு,

நீ விடிகாலையில் பேக்கரி வேலைக்குப் போவதைத் தம்பி உளறிவிட்டான். அம்மா அழுதாள். எனக்கு என்னவோ, ஸ்காட்லாந்தில் நீ இருக்கும் எடின்பரோவின் பழைய பையன் ஒருவன் ஞாபகம்தான் வந்தது.

சேம்பர்ஸ் தெருவில் ஒரு சிலை நிற்கிறதே, அந்த வில்லியம் சேம்பர்ஸ்தான். 1800-இல் பீபிள்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குப் பருத்தித் துணித் தொழில். பிரெஞ்சுப் போர்க்கைதிகளுக்குக் கடனுக்குத் துணி கொடுத்தார், பணம் திரும்பவில்லை, நொடித்துப்போனார். (கடனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தே அச்சகத்தை மூடியவன் நான். அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன்.)

எடின்பரோவில் ஒரு புத்தகக் கடையில் பையனுக்கு வாரம் 4 ஷில்லிங் சம்பளம். காலை ஐந்து மணிக்கே ஒரு பேக்கரிக்குப் போய்விடுவார். மாவு பிசைகிறவர்களுக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். ஜன்னல் திண்டில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார், பக்கத்தில் பாட்டிலில் செருகிய மெழுகுவர்த்தி. கூலி, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு பன்.

1819-இல் சொந்தக் கடை. அப்புறம் ஒரு சின்னக் கை அச்சு வாங்கி, ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸின் பாட்டுகளைத் தானே எழுத்துக் கோத்து, 750 பிரதி அடித்து, தானே பைண்டும் செய்தார். எழுத்துக் கோத்த விரலுக்குத்தான் அந்த வலி தெரியும். 1832-இல் தொடங்கிய வாரப் பத்திரிகை ஒன்றரை பென்னிக்கு விற்றது. பிறகு கலைக்களஞ்சியம், 520 பகுதிகளாக.

ஆனால் எனக்குப் பிடித்தவர் வில்லியமின் தம்பி ராபர்ட். உயிர்கள் படிப்படியாக மாறி வந்தவை என்று 1844-இல், டார்வின் புத்தகத்துக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே, பெயர் போடாமல் ஒரு புத்தகம் எழுதினார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று மனைவிதான் பிரதி எடுத்தாராம். ஏன் ஒளிக்கிறீர் என்று கேட்டதற்கு, பிள்ளைகள் இருந்த வீட்டைக் காட்டி, பதினொரு காரணம் இருக்கிறது என்றாராம். பதினொரு பிள்ளைகள்! அவர் இறந்து பதின்மூன்று வருஷம் கழித்து, 1884-இல்தான் பெயர் வெளியே வந்தது.

நீ மறைத்ததற்கும் காரணம் இருக்கும். எத்தனை என்று நான் கேட்கவில்லை. சரி, அம்மாவுக்கு மட்டும் இன்று ராத்திரி ஒரு போன் போடு. அடுப்புப் பக்கம் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

அப்பா