கோவாவில் இருக்கும் மகனுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் தை மாதத்திற்குத் தள்ளிப் போயிருக்கிறது. வேறு செய்தி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்ச நாளைக்குக் கரையில்தான் வேலை அப்பா" என்று சொன்ன கையோடு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். ஏன் என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

எழிமலைக் கடற்படை அகாடமியில் நீ பயிற்சி முடித்து அதிகாரியாக வெளியே வந்த அன்று, 22 ஆண்டுகள் மாலுமியாக இருந்தவன் என்ற முறையில் நான்தான் உனக்கு முதல் சல்யூட் வைத்தேன். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. ஆனால் நீ இரவெல்லாம் விழித்திருக்கிறாய் என்பதை மருமகள் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, இப்படி மூன்றாவது வாய் வழியாகத் தெரிந்துகொள்ளும்படியா என்னை வைத்திருக்கிறாய்?

என் காலத்து விமானந்தாங்கிக் கப்பலான விராட்டில் சீ ஹாரியர் போர்விமானம் செங்குத்தாக இறங்கும். அதற்கு வாலில் தொங்கும் கொக்கியும் வேண்டாம், அது மாட்டி நிற்கத் தளத்தின் குறுக்கே கட்டும் கம்பியும் வேண்டாம். பழைய விக்ராந்தில் சீ ஹாக், அலிஸே விமானங்களைத் தடுப்புக் கம்பியில் பிடித்து நிறுத்தியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். 2013-இல் விக்ரமாதித்யா கப்பல் படையில் சேர்ந்தபோது, மிக்-29கே விமானத்தைத் தளத்தில் இறக்கும் வித்தையைக் கடற்படை ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்தே படிக்க வேண்டியிருந்தது. அதற்காகவே நம் பையன்களை அமெரிக்கக் கடற்படையிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீ இருக்கும் ஹன்ஸா விமானத் தளத்தில் கரையிலேயே கப்பலைப் போல மேல்நோக்கிய சரிவுத் தளமும் கம்பிகளும் அமைத்தார்கள். 2016-இல் சீ ஹாரியரும் மறு ஆண்டு விராட்டும் விடைபெற்றன. கொச்சியில் நாமே கட்டிய விக்ராந்த் 2022-இல் படையில் சேர்ந்து, 2023 பிப்ரவரியில் போர்விமானம் அதில் இறங்கி, மே மாதம் இரவிலும் மிக் இறங்கியதைத் தொலைக்காட்சியில் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இப்போது 26 ரஃபேல் வேறு வரப்போகிறது. இத்தனை இருந்தும், இருட்டில் மூன்று கம்பிகளில் ஒன்றைப் பிடிக்கிற பழக்கம் கப்பலோடு சேர்ந்து வருவதில்லை. ஒருவன் தவறி, தவறியதைக் கீழே வந்து மறைக்காமல் சொல்லி, அடுத்தவன் அதைக் கேட்டு, அப்படித்தான் அது ஒரு படைக்குள் ஊறுகிறது.

கொக்கி சிக்காமல் போவது அவமானமில்லை. சக்கரம் தளத்தைத் தொட்ட கணமே எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுகிறீர்களே, சிக்காவிட்டால் எழும்பிச் சுற்றி வரத்தானே அது? என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: எதுவாயிருந்தாலும் உன் ஸ்குவாட்ரனில் சொல்லிவிடு, டாக்டரிடம் சொல்லிவிடு. எங்களிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, எங்களிடமும் சொல். நன்றாகத் தூங்கு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன். நீ பிறந்த செய்தி வந்த வாரம் அது. விமானத்தில் பராமரிப்பு வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பெட்டியில் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் எண்ணாமலே கையெழுத்திட்டேன். விமானத்தைத் தள்ளிக்கொண்டு போன பிறகு பார்த்தால் பெட்டியில் ஒரு ஸ்பானர் இல்லை; விமானத்துக்குள் கிடந்தால் அதுவே ஆபத்து. ஒரு குரல் கொடுத்தால் போதும், நிறுத்தியிருப்பார்கள். விசாரணை வரும், உன்னைப் பார்க்கக் கிடைத்த லீவு போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். விமானம் எழும்பிப் போயிற்று. அது திரும்பி வரும்வரை நான் தளத்தின் ஓரத்தில் நின்றேன். இறங்கிய விமானி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஸ்பானர் நான் கழற்றிப் போட்ட மேலுடுப்பின் பையிலேயே இருந்தது. இரவில் யாருக்கும் தெரியாமல் அதன் இடத்தில் வைத்தேன். அந்த லீவில்தான் உன்னை முதன்முதலில் கையில் வாங்கினேன்.

இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நாளை இந்தக் கடிதத்தை உறையை ஒட்டாமல் அவளிடம்தான் தபாலில் போடக் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, போனை உடனே அவளிடம் கொடுக்கச் சொல்லாதே.

அப்பா