கிளப்பி எடுத்த படத்துக்குப் பரிசு வேண்டாம்: போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பறவைப் படப் போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் அவற்றின் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் குளிர்காலப் போட்டியில் முதல் பரிசு பெற்ற பழவேற்காட்டுப் பூநாரைப் படத்தைப் பார்த்தேன். எந்தப் போட்டி, எடுத்தவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அது போதும். படம் அழகாகத்தான் இருக்கிறது. வெயில் ஏறாத தண்ணீர், அதன்மேல் முந்நூறு நானூறு பறவைகள், விரிந்த இறக்கைகளில் சிவப்பும் கறுப்பும். ‘விடுதலை’ என்று தலைப்பு வேறு.

அந்தப் படம் எடுக்கப்பட்ட காலையில் அதே கரையில் நானும் நின்றுகொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

கேட்க வந்தது ஒரே ஒரு வரி. “பறவைகளை வேண்டுமென்றே கிளப்பி எடுத்த படங்கள் ஏற்கப்படமாட்டாது” என்று உங்கள் விதிமுறைகளில் சேர்த்துவிடுங்கள். வாட்டர்மார்க் கூடாது, ஓரத்தில் கட்டம் கூடாது, இத்தனை பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு விதி வைத்திருக்கிறீர்கள். அதில் பறவைக்காக ஒரு வரி இல்லை.

ஜனவரி நடுவில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதை அறிவீர்கள். அதற்காக விடிவதற்கு முன்பே பழவேற்காடு ஏரிக்கரையில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் போய்விட்டேன். கூட்டமாக நிற்கும் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் ஒரு நூறை எண்ணி, அந்த நூறு தொலைநோக்கியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அப்புறம் நூறு நூறாக நகர வேண்டும். பூநாரையில் பதினோரு நூறு வரை வந்திருந்தேன். அவற்றின் காலடியில் கொசு உள்ளான்கள் ஓடித் திரிந்தன. சற்றுத் தள்ளிக் கருவால் மூக்கன்கள், அதற்கும் அப்பால் ஊசிவால் வாத்துகள்.

பறவைகளுக்கும் கரைக்கும் நடுவே ஓர் அம்மா தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார். கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தார். அகப்படும் இறால் கையிலிருந்து நேராகப் பறிக்குள் போகும். அவருக்கும் பக்கத்துப் பூநாரைக்கும் இடையே ஐம்பது அடி இருந்தால் அதிகம். ஒரு பறவைகூடத் தலையைத் தூக்கவில்லை. பூநாரை மேய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீர் வற்றிய பிறகு அந்த வட்டங்கள் சேற்றில் வண்டிச் சக்கரம் பதிந்து கிடந்த மாதிரி தெரியும். அந்த அம்மாவும் சேற்றைக் கலக்கினார், அவையும் கலக்கின. அவரவர் சாப்பாடு அவரவருக்கு.

ஒரு கார் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். பத்து நிமிடம் எடுத்தார்கள். ஆனால் தூரத்தில் நிற்கும் பூநாரை வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்; இறக்கையை விரித்தால்தான் அந்தச் சிவப்பும் கறுப்பும். ஒருவர் கை தட்டினார். கழுத்துகள் நிமிர்ந்தன. விசில் அடித்தார். மொத்தக் கூட்டமும் நாலடி நகர்ந்து நின்றது. லென்ஸ்காரர் முட்டி போட்டுத் தயாரானார். மற்றவர் காருக்குப் போய், தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு ஒன்றை எடுத்துவந்து, பற்றவைத்துக் கரையோரம் போட்டார்.

பூநாரை நினைத்த மாத்திரத்தில் எழும்புகிற பறவை கிடையாது. தண்ணீரில் ஓடி வேகம் பிடித்துத்தான் மேலே ஏற முடியும். ஆயிரத்துச் சொச்சம் பறவைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. உள்ளானும் மூக்கனும் வாத்தும் கூடவே கிளம்பிவிட்டன. அந்த அம்மா பதறி எழுந்து நின்றார். வாயிலிருந்த பறி தண்ணீரில் விழுந்தது. கேமரா மட்டும் நிறுத்தாமல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் கார் போய்விட்டது.

கூட்டம் திரும்ப இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவும் எல்லாம் வரவில்லை. என் கணக்கு போயிற்று, சரி, அது பெரிய விஷயமில்லை. அந்த அம்மா கரைக்கு வந்து பறியைக் கவிழ்த்தார். விடியலிலிருந்து பிடித்ததில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். என் கழுத்திலும் பைனாகுலர் தொங்கியதால் என்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்றே நினைத்திருப்பார்.

“துன்றதுக்குத்தான சார் அவ்ளோ தூரம் வருதுங்க. துன்ன வுட மாட்றீங்களே” என்றார்.

‘மாட்றாங்களே’ என்று சொல்லவில்லை, ‘மாட்றீங்களே’ என்றார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிவிடுகிறேன்.

பறவை என்றால் பறக்கத்தானே செய்யும், இவ்வளவு பெரிய ஏரியில் வேறு இடமா இல்லை என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஏரி பெரியதுதான். சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, ஆந்திராவுக்குள்ளும் நீண்டு கிடக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அது நிரம்பி நிற்கும். பூநாரைக்குத் தேவை அதன் கால் எட்டும் ஆழம். கொசு உள்ளானுக்கு ஒரு விரற்கடைத் தண்ணீர் போதும், அதற்கு மேல் இருந்தால் நிற்கவே முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வடிய வடியத்தான் இடம் விரியும். அதுவரைக்கும் அத்தனை பறவைகளுக்கும் கிடைப்பது ஓரங்கள் மட்டும். ஓரத்தில்தான் ரோடு இருக்கிறது, ரோட்டில்தான் கார் வருகிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பெரிய ஏரி ஜனவரியில் அவற்றுக்குப் பெரும்பாலும் வெறும் ஆழம்.

மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு கொசு உள்ளானின் எடை அவ்வளவுதான். சைபீரியாவின் தூந்திரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. கோடை தொடங்கும்போது திரும்பிப் போகவேண்டும், போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டும். கிளம்பும் நேரத்தில் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும் கரைப்பறவை இனங்கள்கூட உண்டு. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தின்றது கரைகிறது, தின்ன வேண்டிய நேரமும் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு கார் வந்தால் நாலு முறை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வதும் பிடிப்பதும் மட்டும் இல்லை, விரட்டுவதும் இருக்கிறது. பழவேற்காடு சரணாலயம் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. சட்டம் எதை வேட்டை என்கிறதோ அதற்கு நீங்கள் கேடயம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

‘படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்கலாம். நடுவர்களாக இருப்பவர்கள் இப்படிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தானாக எழும் பூநாரைக் கூட்டம் ஒரு முனையிலிருந்து தொடங்கும். சில பறவைகள் நடக்கும், ஓடும், எழும். மற்றவை தொடரும், இல்லையென்றால் மேய்ந்துகொண்டே இருக்கும். கிளப்பிவிட்ட கூட்டம் ஒரே நொடியில், ஒரு புள்ளியை விட்டு விலகி, இடித்துக்கொண்டு எழும். பயந்த பறவை எச்சமிடும். உங்கள் முதல் பரிசுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பதினோரு பறவைகள் எச்சமிட்டபடியே ‘விடுதலை’ அடைந்துகொண்டிருக்கின்றன. நான் எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் எப்படியும் ரா ஃபைல், அதாவது கேமராவில் பதிந்தபடியே இருக்கும் திருத்தாத கோப்பு, கேட்கிறீர்கள். அதோடு அந்தப் படத்துக்கு முன்னால் எடுத்த இருபது படங்களையும் கேளுங்கள். கழுத்துகள் எப்போது நிமிர்ந்தன, எந்தப் பக்கம் திரும்பின என்று அவையே சொல்லிவிடும்.

யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டே போகிறேன். நானும் செய்திருக்கிறேன். முதல் கேமரா வாங்கிய வருஷம் பள்ளிக்கரணையில் ரோட்டோரமாக நின்று, பவளக்காலிகள் பறக்கட்டும் என்று கை தட்டினேன். பறந்தன. படம் ஆடிப்போய்விட்டது, அது வேறு கதை. அன்றைக்கு ‘ஏன் தட்டுகிறாய்?’ என்று கேட்க ஒருவரும் இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘சூப்பர்’ என்றார்கள். யாரும் பாராட்டியிருக்காவிட்டால் நான் அடுத்த வாரமும் போய்த் தட்டியிருக்கமாட்டேன். அதனால்தான் வெடி போட்டவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பரிசு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் லென்ஸ் திரும்பும்.

இந்த ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னாருக்குத்தான் வலை போடும் முறை என்று ஊர் கூடி வகுத்துக்கொள்வார்கள். வயிற்றுப் பிழைப்புக்கு வருகிறவர்களுக்கு அங்கே முறை உண்டு. பொழுதுபோக்குக்குப் போகும் நமக்குத்தான் ஒன்றும் கிடையாது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் வெடிக்காமல் விட்டதை நம் ஆட்கள் பழவேற்காட்டில் வெடிக்கிறார்கள்.

பரிசளிப்பு விழாவுக்கும் வந்திருந்தேன். கடைசி வரிசை. ‘இயற்கையை நேசிப்போம்’ என்று பெரிய ஃபிளெக்ஸ் பேனர். தலைமை விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம், அவருக்குச் சால்வை, அவர் வருவதற்குள் கிளம்பிவிட்டவருக்கும் மேடையில் ஒரு சால்வை. நாற்காலிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். தாழைக்கோழியைப் புதரிலிருந்து வெளியே வரவைக்க அதன் குரலை ஸ்பீக்கரில் போட்ட கதையை ஒருவர் மைக்கில் பெருமையாகச் சொன்னார், கை தட்டினீர்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று மேப்பில் புள்ளி வைத்து அனுப்பினால் கூடுதல் மதிப்பெண் என்றும் அறிவித்தீர்கள். அடுத்த ஞாயிறு அங்கே எத்தனை கார் நிற்கும் என்று அதற்கும் ஒரு போட்டி வைக்கலாம். முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, தெற்கே துறைமுகமும் அனல்மின் நிலையங்களும், ஏரிக்கு இருக்கிற தொல்லை போதாதென்று...

மன்னிக்கவும். பேச்சு எங்கேயோ போய்விட்டது. முகத்துவாரம் தூர்ந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. தண்ணீர் பாட்டிலைக்கூட விட்டுவிடுகிறேன்.

கொடுத்த பரிசைத் திரும்ப வாங்குங்கள் என்று கேட்கவில்லை, அவரை மேடையேற்றி மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. அடுத்த போட்டிக்கான அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன், கிளப்பி எடுத்த படம் ஏற்கப்படமாட்டாது என்ற அந்த ஒரு வரியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் தண்ணீர் இன்னும் வடிந்திருக்கும், பறவைகளும் அதிகம் இருக்கும். நடுவர்களில் யாராவது வருவதாக இருந்தால் நான் அழைத்துப் போகிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம். கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், யாரும் தட்டாமலே அவை தாமாக எழுவதையும் பார்க்கலாம்.

பணிவுடன்,
அன்று கரையில் நின்றவன்

பி.கு.: பரிசுப் படத்தின் வலது கீழ் மூலையில், குவியம் இல்லாமல், கறுப்பாக ஒரு உருவம் தெரிகிறது. ‘மனிதரும் பறவையும் இணைந்து வாழும் தருணம்’ என்று நடுவர் குறிப்பில் அதைத் தனியாகப் பாராட்டியிருந்தீர்கள். அது அந்த அம்மாதான். பறியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.