முன்ஜாமீன் கிடைத்த பிறகுதான் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லைப் பக்கத்து ஊர்களில் வரப்புத் தகராறு கைகலப்பானால் இரு தரப்பும் முன்ஜாமீனுக்கு ஓடுகிறார்கள். 2024 ஜூலை முதல் இதற்குரிய பிரிவு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 482, பழைய சட்டத்தின் 438 அல்ல. பாளையங்கோட்டை மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலோ மனு செய்யலாம். மனுவில் குற்ற எண் (காவல் நிலையம் பதிந்த வழக்கின் எண்), காவல் நிலையம், பிரிவுகள் சரியாக இருக்க வேண்டும். முந்தைய மனு தள்ளுபடியாகியிருந்தால் மறைக்கவே கூடாது. மனு நிலுவையில் இருப்பது கைதுக்குத் தடையாகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் முன்ஜாமீன் கிடைப்பதற்கு அதன் 18-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்.

பலர் சறுக்குவது உத்தரவுக்குப் பிறகுதான். 'கிடைத்துவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உத்தரவில் சொன்ன கெடுவுக்குள், பெரும்பாலும் 15 நாள், குற்றவியல் நடுவர் முன் ஆஜராகி இரண்டு ஜாமீன்தாரர்களை நிறுத்த வேண்டும். அவர்களின் ஆதார், புகைப்படம், வீட்டுத் தீர்வை ரசீதை முன்பே வாங்கி வையுங்கள். ஆதாரில் 'சுப்பையா', ரசீதில் 'சுப்பையா தேவர்' என்றிருந்தாலே திருப்பிவிடுவார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடும். தினமும் நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனையை மீறினால் ஜாமீனை ரத்து செய்யக் கோருவார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் நிபந்தனையைத் தளர்த்தத் தனி மனு போட்டு, உத்தரவு வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வக்கீல் கட்டணம் தர வழியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை