அது ஜப்பான் கடல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு செயற்கைக்கோள் படம். கீழே, "ஜப்பான் கடலை நாசமாக்கும் பச்சைப் பாசி" என்று ஒரு வரி. மை ஒதுங்கிய என் பிரதியிலும் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தென்கிழக்குக் கரை தெரிகிறது. அந்தப் பக்கம் பசிபிக். ஜப்பான் கடல் தீவுக்கு மறுபுறம் இருக்கிறது. போகட்டும், வங்காள விரிகுடாப் புயலை அரபிக்கடலில் சுற்றவிட்ட பத்திரிகைதானே.

ஆனால் நாசமா? வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த ஓயாஷியோ நீரோட்டம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் சுமந்து வருகிறது. தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வரும் குரோஷியோ நீரோட்டத்தில் அந்தச் சத்து குறைவு. இரண்டும் மோதிச் சுழலும் இடத்தில் வசந்த வெயில் பட்டதும் தாவர மிதவையுயிர்கள், அதாவது படத்தில் பச்சையாகத் தெரியும் நுண்ணுயிர்கள், பெருகுகின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் தின்ன, சிற்றுயிர்களைத் தேடி மத்தியும் கணவாயும் வருகின்றன. ஓயாஷியோ என்றாலே 'பெற்றோர் நீரோட்டம்' என்றுதான் பொருள். மீனை வளர்ப்பதால் வந்த பெயர். நஞ்சாகும் பெருக்கமும் உண்டு, மறுக்கவில்லை. அதை ஒரு படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவீர்களா?

குரோஷியோவுக்குக் 'கறுப்பு நீரோட்டம்' என்ற பெயர் அழுக்கால் வந்தது என்று உங்கள் சிறுவர் பக்கம் முன்பொருமுறை எழுதியது. மிதவையுயிர் குறைந்து தெளிந்திருப்பதால்தான் அது அப்படிக் கருத்துத் தெரிகிறது என்று மூன்று பக்கம் எழுதினேன். அதில் "சிறுவர் பக்கம் அருமை" என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

1988 மே மாதம் யோகோஹாமாவிலிருந்து வான்கூவர் போனபோது நான் இன்ஜின் அறையில் இருந்தேன். ஒரே பணிமுறைக்குள், இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரின் சூடு 17 டிகிரியிலிருந்து 10க்கு இறங்கியது. வெப்பமானி பழுது என்று வேறொன்று மாட்டினேன். அதுவும் அதையே காட்டியது. மேலே வந்து பார்த்தால் காலையில் இருந்த கருநீலம் இல்லை. பாசிப்பயறு ஊறவைத்த தண்ணீர் நிறம், மூடுபனி, எங்கு பார்த்தாலும் பறவை. நாசமான கடலில் பறவைக்கு என்ன வேலை?

நம் ஓஷன்சாட் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் இதே பச்சையைத் தேடித்தான், ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நம் மீனவர்களுக்கு மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறது. தங்களுக்குத் தெரியாததா?

ஒரு வரித் திருத்தம் போடுங்கள். மை ஒதுங்காத பிரதி ஒன்று மிச்சமிருந்தால் அனுப்பிவையுங்கள். தபால்தலை ஒட்டிய உறை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி