நிக்கோடிமஸ் ஊரில் 14 பேர் மட்டும்தானா? தேசியப் பூங்காத் துறைக்கு ஒரு திறந்த மடல்

நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுத் தலத்தைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேன்சஸ் மாநிலம் கிரஹாம் கவுண்டியில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறி உருவாக்கிய நிக்கோடிமஸில் குடியிருப்பவர்கள் 14 பேர். ஊரைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த எண்தான் முன்னால் வந்து நிற்கிறது. கேட்கிறவர்கள் "ஐயோ பாவம், அழிந்துபோன ஊர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்ணை மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது எப்படி 14 ஆனது, அந்தக் கணக்கில் வராத ஊர்க்காரர்கள் யார் யார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. கேன்சஸ் சிட்டியிலிருந்து டென்வருக்குக் காரில் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஐ-70 நெடுஞ்சாலையில் எல்லிஸ் என்ற சிற்றூரைத் தாண்டித்தான் போகின்றன. அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் நிக்கோடிமஸ் வந்துவிடும். அப்படி ஓர் ஊர் இருப்பது எங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் படிக்க வேண்டிய இந்த மடலை அவர்களும் படிக்கட்டும்.

1877 ஏப்ரலில் ஊர் அமைப்பதற்கென்று ஒரு நிறுவனம் பதிவானது. தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், கறுப்பினப் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில், வெள்ளை இன நில வியாபாரி. 5 டாலர் கட்டினால் ஊருக்குள் மனை, சுற்றிலும் அரசு கொடுக்கும் குடியேற்ற நிலம் என்று துண்டறிக்கை அடித்துக் கென்டக்கி மாநிலத்துக் கறுப்பின மக்களிடம் கொண்டுபோனார்கள். அடிமைத்தனம் ஒழிந்து அப்போது 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதுவரை பிறர் நிலத்தில் உழைத்தே தேய்ந்தவர்களுக்கு "உன் நிலம்" என்ற சொல் எப்படி இருந்திருக்கும்! அந்த ஆண்டு செப்டம்பரிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் கண்டது என்ன என்பதை வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் சொல்லி வைத்திருக்கிறார். 1878 வசந்தத்தில் கணவரோடும் பிள்ளைகளோடும் வந்தவர் அவர். எல்லிஸ் வரை ரயில். அங்கே குழந்தைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டு பலர் இறந்துபோனார்கள். இரண்டு வாரம் கூடாரத்தில் கிடந்த பிறகு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சாலை கிடையாது. மான் நடந்த தடமும் காட்டெருமை புரண்ட பள்ளமும்தான். திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் பயணம். "அதோ நிக்கோடிமஸ்!" என்று ஆண்கள் கத்தியபோது, உடம்புக்கு முடியாமல் இருந்த வில்லியானா எழுந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எங்கே ஊர் என்று கேட்டார். தரையிலிருந்து புகை கிளம்பிய பக்கமாகக் கணவர் கை காட்டினார். மேட்டைக் குடைந்து, மேலே கொம்பும் புல்லும் மண்ணும் போட்டு மூடிய பொந்துகளில் மக்கள் குடியிருந்தார்கள். அடுப்புப் புகை அங்கிருந்துதான் வந்தது. வில்லியானா அழத் தொடங்கிவிட்டார்.

பல குடும்பங்கள் அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விட்டன. போகாதவர்கள் முதல் குளிர்காலத்தைப் பட்டினியோடு கழித்தார்கள். வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்து உதவியதாக அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சொல்கிறார்கள். ஏர் பூட்ட மாடோ குதிரையோ இல்லாதவர்கள் மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் புல்தரையைக் கிளறி விதைத்தார்கள்.

அப்படித் தொடங்கிய ஊரில் பத்தே ஆண்டுகளில் தேவாலயங்கள், பள்ளி, கடைகள், தங்கும் விடுதி, இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் வந்துவிட்டன. இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் வென்று, 1884இல் மறுபடியும் வென்றார். மாநிலம் முழுவதும் வாக்களித்து ஒரு கறுப்பினத்தவரைக் கேன்சஸ் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் முறை.

நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இதற்கு அடுத்து வருகிறது. ரயில் வந்தால்தான் ஊர் நிலைக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். 1887இல் மிசௌரி பசிபிக் ரயில்வேயை வரவழைக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு நிக்கோடிமஸ் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். கொஞ்ச காலத்துக்கு முன் பொந்துக்குள் இருந்தவர்கள் தங்கள் எதிர்கால வரிப்பணத்தை அடகு வைக்கத் துணிந்தார்கள் என்றால் அந்த நம்பிக்கையை எண்ணிப் பாருங்கள். மிசௌரி பசிபிக் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் போட்ட பாதை ஆற்றுக்குத் தென்கரையோடு, சில மைல் தள்ளிப் போய்விட்டது. அங்கே இருந்த ரயில் தொழிலாளர் முகாம் போக் என்ற ஊராக வளர்ந்தது. நிக்கோடிமஸ் வியாபாரிகள் கடையை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். செய்தித்தாள்களும் நின்றன.

ஆகவே இந்த ஊர் தானாகத் தேயவில்லை. உழைக்காததால் தேயவில்லை. தண்டவாளம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வெளியூரில் யாரோ எடுத்த முடிவுதான் அதன் தலையெழுத்தை மாற்றியது. மத்திய மேற்கில் இப்படி வாடிய வெள்ளை இன ஊர்களும் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பியவர்களுக்குப் போக நூறு ஊர்கள் இருந்தன. தாங்களே கட்டி, தாங்களே நிர்வகித்த இன்னோர் ஊர் இவர்களுக்குப் பக்கத்தில் ஏது?

அப்புறம் 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் வந்தன. 1935இல் ஊரில் எஞ்சியவர்கள் 76 பேர். அந்த நிலையிலும் 1939இல், அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ், உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் ஊர் மன்றம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். ஊரே காலியாகிக்கொண்டிருக்கும்போது கூடிப் பேசவும் ஆடிப் பாடவும் கல் கட்டடம் எழுப்பியவர்களை வெறுமனே "குறைந்துபோன மக்கள்தொகை" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 1950இல் 16 பேர். 1953இல் தபால் நிலையம் மூடப்பட்டது. அதன் பிறகு பள்ளியும் போனது.

இனி என் கோரிக்கைகள்.

14 என்று எழுதும் இடத்திலெல்லாம் 1888ஐயும் எழுதுங்கள். ஊரைப் பற்றிய முதல் பத்தியிலேயே ரயில் பாதையின் கதை வர வேண்டும். குழந்தைகளுக்கு அடிக்கும் துண்டறிக்கையிலும் வர வேண்டும்.

கட்டடங்களோடு நிலத்தையும் கவனியுங்கள். 1996இல் இது தேசிய வரலாற்றுத் தலமானபோது இரண்டு தேவாலயங்கள், விடுதி, பள்ளி, ஊர் மன்றம் என ஐந்து கட்டடங்கள் அடையாளம் காணப்பட்டன. நல்லது. ஆனால் கென்டக்கியிலிருந்து வந்தவர்கள் கட்டடத்துக்காக வரவில்லை, காணிக்காக வந்தார்கள். 1920இல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று அதில் மிகச் சிறு பங்குதான் மிச்சம். நிக்கோடிமஸைச் சுற்றி எந்தக் குடும்பம் எந்தக் காணியை எந்த ஆண்டு வாங்கியது, கடனிலோ வறட்சியிலோ எப்போது கைவிட்டது, யார் இன்னும் உழுகிறார்கள் என்பதை வரைபடமாகப் பார்வையாளர் மையத்தில் வையுங்கள். இந்த ஊரில் பிறந்த வெரில் ஸ்விட்சர் 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி தேர்ந்தெடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர். அப்படிப்பட்டவரும் பிற்காலத்தில் இந்த மண்ணில் விவசாயம் பார்த்தார். 2022இல் அவர் காலமாகிவிட்டார். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் வேலைக்கு வேறு எந்தச் செலவையும் விட முதலிடம் கொடுங்கள்.

கடைசியாக, நிதியோ ஆள் எண்ணிக்கையோ குறைக்க வேண்டிய காலம் வந்தால், "அங்கே யார் போகிறார்கள், அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்ற இரண்டு கேள்விகளை வைத்து இந்தத் தலத்தில் கை வைக்காதீர்கள். ஆண்டுதோறும் ஜூலை கடைசி வாரத்தில் நடக்கும் விடுதலைத் திருநாள் கூடலுக்குப் பல மாநிலங்களிலிருந்து நூற்றுக்கணக்கான வழித்தோன்றல்கள் சொந்த ஊருக்கு வருகிறார்கள். கணக்கெடுப்பில் அவர்கள் டென்வர்க்காரர்கள், டொபீகாக்காரர்கள், கலிஃபோர்னியாக்காரர்கள். அவர்களைக் கேட்டால் நிக்கோடிமஸ் என்பார்கள். இந்தத் தலத்தைப் பற்றிய எந்தத் திட்டமானாலும், முடிவெடுப்பதற்கு முன் அந்தக் கூடலில் வைத்து அவர்களிடம் பேசுங்கள். முடிவெடுத்துவிட்டு அறிவிப்பதற்காகப் போகாதீர்கள்.

நன்றியுடன்,
ஐ-70இல் போய்வரும் ஒரு தமிழ் வாசகர்