சாமை அறுப்புக்குப் போன மூன்று பிள்ளைகள்

தாயி,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் மலையில் சிக்னல் அறுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

"ஒரே ரூம்ல அஞ்சு வகுப்பை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்" என்று கேட்டாய். ஜவ்வாது மலைக்கு டீச்சர் வேலை உத்தரவு வந்த அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவள் நீ. நீ படித்ததே அப்படி ஓர் அறையில்தானே? தனுஷ்கோடி மணலில் ஓலை வேய்ந்த ஒரே கொட்டகை, பக்கத்தில் என் சத்துணவு அடுப்படி. நீ உள்ளே உட்கார்ந்து படித்தாய். நான் வெளியே அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் உங்களுக்கு முதல் வேலை தண்ணீர். மூன்று நான்கு அடி மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க, நடுவில் அவ்வளவு நல்ல தண்ணீர். குடத்தை விட்டு மொண்டால் கலங்கிவிடும், சிரட்டையால்தான் கொஞ்சம் கொஞ்சமாக அள்ள வேண்டும். நீ குழிக்குள் இறங்கி அள்ளி அள்ளிக் கொடுப்பாய், மேலே நிற்கும் பிள்ளை குடத்தில் ஊற்றும். ஒரு குடத்துக்கு எத்தனை சிரட்டை என்று எண்ணிக்கொண்டே அள்ளுவீர்கள். அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் என் உலை ஏறும்.

சாக்பீஸ் டப்பா எங்கே இருக்கும், நினைவிருக்கிறதா? என் அடுப்பு மேடையில். உப்புக்காற்றில் சாக்பீஸ் நமத்துப் போய் பலகையில் பிடிக்காது. சாயங்காலம் சார் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் அடுப்புச் சூட்டில் காயவைத்து, காலையில் உன்னிடம் கொடுத்தனுப்புவேன். முட்டையும் அப்படித்தான் பத்திரம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மீன் வண்டியில் மணலில் குலுங்கிக் குலுங்கி வரும். 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனபோது, உடையாமல் கொண்டுவர அரிசிக்குள் புதைத்து எடுத்து வருவோம். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க உங்களைத்தான் கூப்பிடுவேன். மிதந்தால் கெட்டது. கூட்டமாகக் குனிந்து பார்ப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் சார் வந்த முதல் வருஷம் உன்னைப் போலத்தான் இருந்தார். மதுரைப் பக்கத்து ஆள், கடலே பார்த்ததில்லை. பாதிப் பிள்ளைகள் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கோபத்தில் வருகைப் பதிவேட்டைத் தட்டி வைப்பார். "இந்த ஊருக்குப் படிப்பு வேண்டாம் போலிருக்கு" என்று என்னிடமே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் பதில் பேசவில்லை. மறுநாள் விடிகாலையில், பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று காட்டுகிறேன், வாங்க சார் என்று கூட்டிப் போனேன்.

அது கச்சான் காற்றுக் காலம், தென்மேற்கிலிருந்து அடிக்கும். கச்சான் அடித்தால் ஆண்கடல், அதுதான் மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் தூங்கும். வாடை வந்தால் தலைகீழ். வலை எந்தக் கடலில் விழுகிறதோ அங்கேதான் குடும்பமும் இருக்கும், பிள்ளையும் இருக்கும். அன்று பெண்கடல் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்றிலும் பெரியவர்களுக்குப் பின்னால் நம் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு நின்றார்கள். நீயும் இருந்தாய். சாரைப் பார்த்ததும் நீ கயிற்றை விட்டுவிட்டு என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாய்.

சார் திட்டவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நீ விட்ட இடத்தில் கயிற்றைப் பிடித்தார். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டோடு, மீன் சேரும் வலைப்பை, அதுதான் மடி, கரையேறும்வரை இழுத்தார். உள்ளங்கை உரிந்துபோய் மஞ்சள் பத்துப் போட்டுவிட்டேன். நெத்திலியும் காரலும் விழுந்திருந்தது. பங்கு பிரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

அன்றைக்கே பலகையில் கணக்குப் போட்டார். வலைக்காரர் பங்கு போக மீதி 480 ரூபாய். இழுத்தது பெரியவர் 12 பேர், பிள்ளைகள் 8 பேர். பிள்ளைக்கு அரைப் பங்கு. ஆளுக்கு எவ்வளவு? அஞ்சாம் வகுப்பு யோசித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து, "பெரியாளுக்கு முப்பது, எங்களுக்குப் பதினஞ்சு" என்றான். வகுத்தல் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்படியில் கரண்டியோடு நின்று நான் கைதட்டினேன்.

அப்புறம் சார் கரைப் பெரியவர்களிடம் போய்ப் பேசினார். மடி ஏறியதும் பிள்ளைகளை நேராகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பங்கு பிரிக்கும்வரை நிறுத்தக்கூடாது, காசை அவரவர் வீட்டில் கொடுத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் சரி என்றார்கள். நான் ஒரு சட்டி கஞ்சி தயாராக வைத்திருப்பேன். பலகையில் தேதிக்குக் கீழே அன்றைய காற்றையும் எழுத ஆரம்பித்தார்: வாடை, கச்சான், கொண்டல். காற்றைப் பார்த்தாலே யார் வருவார், யார் தாமதமாவார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வாய்ப்பாட்டை அம்பா மெட்டில் சொல்ல வைத்தார். ஏழாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்கு அந்த மெட்டில்தான் வரும்.

இன்னொன்று. ஒரே அறையாக இருந்ததுதான் உனக்கு நல்லதாகப் போனது. முதல் பாயில் நீ அ, ஆ எழுதிக்கொண்டிருப்பாய், காது நான்காம் வகுப்புப் பாயில் இருக்கும். ஒரு நாள் அவர்களுக்குக் குறள் மறந்துபோக, முதல் வகுப்பிலிருந்து நீ எடுத்துக் கொடுத்தாய். அட்டையை வைத்துப் படிப்படியாகத் தானே படிக்கிற ஏணிப்படி முறை வந்த பிறகு பெரிய பிள்ளைகளே சின்னவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தூக்கி வந்த தம்பி தங்கைகள் சாரின் மேசைக்கடியில் மீன் பெட்டியில் தூங்கும். இப்போது உன்னிடம் பிள்ளைகளைப் படிக்கிற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். நல்லதுதான். பிரித்து உட்கார வைத்தாலும், ஒருவர் பாடம் இன்னொருவர் காதில் விழட்டும், மறிக்காதே.

உங்கள் அம்மாச்சியை சார் பள்ளிக்கு அழைத்து வந்த நாளும் எனக்கு மறக்காது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில், நூறு பேருக்கு மேல் இருந்த ரயிலோடு கடல் ஊரையே எடுத்துப் போனதை, அந்தப் புயலில் பிழைத்தவளே பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னாள். பிறகு இடிந்த தேவாலயத்துக்குக் கூட்டிப் போய், முருகைக்கல் சுவரைக் கயிறு வைத்து அளக்கச் சொன்னார். நீ அளந்த கயிற்றில் போட்ட முடிச்சுகளை வீட்டுக்கு வந்து காட்டினாய்.

சாமை அறுப்புக்குப் போய்விடுகிறார்கள், மூன்று பிள்ளைகள் பத்து நாளாக வரவில்லை என்றாயே, நீ அந்தக் காட்டுக்குப் போனாயா? போ தாயி. சனிக்கிழமை போ. திட்டுவதற்காகப் போகாதே. ஒரு கட்டு அறுத்துப் பார், களத்தில் எப்படி அளக்கிறார்கள், கூலியை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேள். எந்த மாசம் எந்த வேலை என்று எழுதி வைத்துக்கொள். உனக்கு அதுதான் காற்று. காலை உணவு இப்போது உன் பள்ளியிலேயே உண்டு. சமைக்கிற அம்மாவிடம் பேசு, தாமதமாக வருகிறவனுக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கச் சொல். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம், எண்ணுவதற்குச் சோழி ஒரு டப்பா, பார்சலில் போட்டிருக்கிறேன். கடலே பார்க்காத பிள்ளைகள், சோழியைக் காதில் வைத்துப் பார்ப்பார்கள், விடு. மலைக்குளிருக்குக் கம்பளியை மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்த மூன்று பேர் பெயரையும் சொல்லு.

அம்மா