மூர்த்தியின் நரம்புகள்

அன்புள்ள சேகர்,

உன் பொங்கல் கடிதத்துக்குப் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, ஆனால் முதலில் செய்தியைக் கேள். மூர்த்தியை வென்டிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேசுகிறான், குரல்தான் கம்மியிருக்கிறது. ஊரைக் கூட்ட வேண்டாம் என்று சரோஜா அக்கா எங்கள் வாயைக் கட்டியிருந்தார்.

வயிற்றுப்போக்கில் தொடங்கியது. அது நின்று இரண்டு வாரத்தில் பாதம் மரத்தது, அடுத்து படியேற முடியவில்லை. தெருவே கூடி நரம்புத் தளர்ச்சி என்று தீர்ப்பு எழுதிவிட்டது. பஸ் நிலையச் சுவரில் நாம் படித்துச் சிரிப்போமே, லாட்ஜ் வைத்தியர் விளம்பரம்! அங்கேயே அழைத்துப் போகலாம் என்று அவன் சித்தப்பா மெய்யாகவே சொன்னார்.

நல்லவேளை, அக்கா நரம்பியல் மருத்துவரிடம் போனார். அவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவில்லை. அந்தத் துள்ளலுக்கு மூளையின் உத்தரவே வேண்டாமாம். தசையிலிருந்து கிளம்பும் சேதி தண்டுவடத்தைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பும். அந்தப் பாதையில்தான் கோளாறு.

கியான்-பாரே என்று பெயர். 1916-இல் பிரான்சில் இதைப் பற்றி எழுதியவர்கள் மூவர். ஸ்ட்ரோல் என்பவரின் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது. நம் நாடகக் குழுவில் உனக்கு நேர்ந்த அதே கதி.

அன்றிலிருந்து எனக்கு நரம்புப் பைத்தியம். இடுப்புக்கு மேலே தண்டுவடத்துக்குள் இருக்கும் ஒரே செல்லின் இழை பாதம்வரை நீள்கிறது, சேகர்! செல் கண்ணுக்கே தெரியாது, இழையோ ஏறக்குறைய ஒரு மீட்டர். அதன்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை, இடையிடையே இடைவெளி. சேதி ஒவ்வோர் இடைவெளியாகத் தாவிப் போகிறது. உறை தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல், உறையில்லாத மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவுதான். இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று ம்யூல்லர் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் நினைத்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளை நரம்பில் அளந்து காட்டினார். மூர்த்தியின் காலில் மின்சாரம் கொடுத்துப் பார்த்ததும் அந்த அளவையேதான். வயிற்றுக் கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் அவன் மயலினைத் தாக்கியிருக்கிறது.

ஆனால் மூளையைத் தொடவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு உறக்கம் வருவதில்லை. விரலை அசைக்க முடியாது, மூச்சு இயந்திரத்தினுடையது, நினைவு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அவன் தலைமாட்டில் நின்றுகொண்டே சித்தப்பா வடக்குத் தோட்டத்துப் பாகப்பிரிவினையைப் பேசினார். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான்.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள், பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் அது. அக்காவின் வளையல்கள் அதற்குப் போயின. கை தேறிவிட்டது, இடது பாதம் இன்னும் தொங்குகிறது. உரிந்த மயலின் சில மாதங்களில் வளர்ந்துவிடுமாம். இழையே சிதைந்திருந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முழங்காலிலிருந்து பாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார், ஒரு வருடத்தைத் தாண்டும். அவனிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

சித்திரையில் லீவு போட்டு வா. பிசியோதெரபிக்கு ஆள் பிடித்திருக்கிறோம், ஆனால் அந்த ஆளிடம் அவன் முனகுகிறான். நீ அதட்டினால் கேட்பான். பணம் அனுப்பவா என்று எழுதாதே, அனுப்பு. அக்கா பெயருக்கே அனுப்பு, சித்தப்பா கையில் சிக்கக் கூடாது.

உன்,
ரகு